டர்பனில் ஒரு விண்ணப்ப வருடம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியட்டும், மதிப்பெண் வரட்டும், அதற்குப் பிறகு கல்லூரியைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்பது தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குடிவரும் பெற்றோர் மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிற எண்ணம். அதை இறக்கிவைக்காமல் ஜனவரி வரை உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு இடம் கிடைப்பது அரிது. இங்கே பன்னிரண்டாம் வகுப்பைத்தான் மெட்ரிக் என்பார்கள். அந்தத் தேர்வு அக்டோபர், நவம்பரில் நடக்கிறது. முடிவு ஜனவரியில் வருகிறது. பிப்ரவரியில் பல்கலைக்கழக வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. நடுவில் விண்ணப்பம் வாங்கி, சரிபார்த்து, இடம் கொடுக்க அவர்களுக்கு நேரம் ஏது? ஆகவே பதினோராம் வகுப்பு ஆண்டிறுதி மதிப்பெண்தான் விண்ணப்பத்தில் ஏறுகிறது. மெட்ரிக் வருடத்தின் ஏப்ரல் வாக்கில் வாசல் திறக்கும். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை ஒவ்வொன்றாக மூடும். மருத்துவத்துக்குச் சில இடங்களில் ஜூன் கடைசியிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள்.

என் மகள் இந்த வருடம் மெட்ரிக். வெள்ளிக்கிழமை கோவிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது ஒரு அம்மா, “அக்கா, உங்கள் பெண்ணுக்கு எப்போது விண்ணப்பம் போட்டீர்கள்? எத்தனை இடத்துக்குப் போட்டீர்கள்?” என்று ஓரமாக அழைத்துக் கேட்கிறார். எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் மதிப்பெண் கணக்கு. தமிழ்நாட்டில் பொறியியல் என்றால் 200-க்கு ஒரு கட்-ஆஃப். அந்த எண்ணுக்கு ஒரு தரவரிசை. அந்த வரிசைப்படி கலந்தாய்வு. அரை மதிப்பெண்ணுக்குத் தலை உருளும் முறைதான். ஆனாலும் பெற்றோருக்குப் புரிகிற முறை. இங்கே அப்படி ஒற்றை எண் கிடையாது. பொதுவாக ஏபிஎஸ் என்று ஒரு புள்ளிக் கணக்கு சொல்வார்கள்: 80-க்கு மேல் வாங்கினால் 7 புள்ளி, 70-க்கு மேல் 6, 60-க்கு மேல் 5 என்று இறங்கிக்கொண்டே வரும். ஆறு பாடத்துக்கும் முழுப் புள்ளி என்றால் 42. இது அடிப்படைதான், இதற்கு மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சொந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளும். கேப்டவுன் பல்கலைக்கழகம் புள்ளியை விட்டுவிட்டு ஆறு பாடங்களின் விழுக்காட்டைக் கூட்டி 600-க்குப் பார்க்கிறது. ஜோகன்னஸ்பர்கின் விட்ஸ் பல்கலைக்கழகம், ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் கூடுதல் புள்ளி கொடுக்கிறது. வாழ்க்கை நெறி என்று ஏழாவதாக ஒரு பாடம் உண்டு. அதைச் சிலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, சிலர் பேருக்குக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். ஒரே மதிப்பெண் பட்டியல், மூன்று பல்கலைக்கழகங்களில் மூன்று விதமாக எடை போடப்படும். என் கணவர் கணக்கர். இதைப் பார்த்து அவரே முதலில் எரிச்சல்பட்டு, பிறகு எக்ஸெல் தாள் ஒன்றைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். இந்த வருடத்தில் அவர் செய்த மிக உருப்படியான வேலை அதுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் புள்ளிக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது; அது பலருக்குத் தெரிவதே இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது பள்ளியிலிருந்து ஒரு தாள் வரும். பத்தாம் வகுப்பிலிருந்து மெட்ரிக் வரை படிக்கப்போகும் ஏழு பாடங்களை அதில் குறிக்க வேண்டும். இரண்டு மொழி, வாழ்க்கை நெறி, விருப்பப்பாடம் மூன்று. மீதமுள்ள ஒன்று, கணிதம் அல்லது ‘மேத்ஸ் லிட்’. மேத்ஸ் லிட் என்பது வீட்டுக் கடன், மின்கட்டணம், வரைபட அளவு என்று அன்றாடக் கணக்கு. கெட்ட பாடம் இல்லை. ஆனால் அதைக் குறித்த அந்த நிமிடமே பொறியியல், மருத்துவம், கணக்கியல், பெரும்பாலான அறிவியல் பட்டங்கள் எல்லாம் கை நழுவிவிடும். பிள்ளைக்கு அப்போது பதினைந்து வயது. கணிதத்தில் 45 வாங்குகிற பிள்ளையை மேத்ஸ் லிட்டுக்கு மாற்றினால் 85 வாங்கும், பள்ளியின் தேர்ச்சி விழுக்காடும் அழகாக இருக்கும் என்று ஆலோசனை சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. கல்லூரித் தேர்வு என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அதில் பாதி இந்தத் தாளிலேயே முடிந்துவிடுகிறது. பெற்றோர் முழு மூச்சாகத் தலையிட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மெட்ரிக் வருடத்தில் செய்யும் ஆர்ப்பாட்டத்தை இங்கே செய்திருந்தால் பலன் இருந்திருக்கும் என்று பல வீடுகளைப் பார்த்து நினைத்திருக்கிறேன்.

மகள் கணிதம், இயற்பியல் அறிவியல், புவியியல் எடுத்தாள். புவியியல் எதற்கு என்று உறவில் கேட்டார்கள். மூன்றாவதாக உயிரியல் எடுத்தால்தானே மருத்துவக் கதவு திறந்திருக்கும் என்பது அவர்களுடைய கவலை. அவளுக்கு வரைபடம் பிடிக்கும். இங்கே புவியியல் பாடத்தில் 1:50 000 அளவில் நில வரைபடம் ஒன்றைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டால், சாப்பாட்டை எங்கே வைப்பது என்று நான் தட்டோடு நிற்க வேண்டும். பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி என்று அவள் விரலால் தடவிக்கொண்டே போவாள்.

எங்கள் வீடு டர்பனின் ரிசர்வாயர் ஹில்ஸில். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். இந்த ஊர்த் தமிழர் வீடுகளில் பாட்டியை ஆயா என்பார்கள். என் மகளும் அவரை ஆயா என்றே அழைக்கிறாள். ஆயாவுக்குப் பேச்சு ஆங்கிலத்தில்தான். தேவாரமும் மாரியம்மன் தாலாட்டும் மட்டும் தமிழில், எழுத்துப் பிசகாமல் வரும். அவர் கல்லூரிக்குப் போன கதையைக் கேட்ட பிறகு, நாங்கள் ஐந்து பல்கலைக்கழகங்களின் பெயரைப் போட்டுக் குழம்புவது ஒரு வசதி என்றே பட்டது. அவர் காலத்தில் இந்திய மாணவர்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய கல்லூரி ஒன்றே ஒன்று. டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன பழைய பாசறைக் கட்டடங்களில் 1961-இல் தொடங்கினார்கள். தினமும் படகு ஏறிப் போய்ப் படித்துவிட்டு மாலையில் படகு ஏறி வர வேண்டும். அந்தக் கல்லூரிதான் 1972-இல் வெஸ்ட்வில் குன்றுக்கு மாறி, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகமானது. “நான் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. எங்களுக்கு விண்ணப்பிக்க என்ன இருந்தது?” என்றார் ஆயா.

அதற்கும் முந்திய தலைமுறைக்கு அதுவும் இல்லை. இந்தியப் பிள்ளைகள் மெட்ரிக் வரை படிக்கவும் ஆசிரியர் பயிற்சி பெறவும் டர்பனில் சாஸ்திரி கல்லூரி எழுந்தது 1929-இல். அந்தச் சாஸ்திரி, இந்திய அரசின் முகவராக இங்கே வந்திருந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி, வலங்கைமான்காரர். நான் கும்பகோணம், பஸ் ஏறினால் அரை மணியில் வலங்கைமான். ஊரில் இருந்தவரை இந்தப் பெயரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். 1936-இலிருந்து வெள்ளையரல்லாத மாணவர்களுக்கான பகுதிநேரப் பட்ட வகுப்புகள், பள்ளி முடிந்த பிறகும் வார இறுதியிலும், அதே சாஸ்திரி கல்லூரி அறைகளில்தான் நடந்தன. கொல்லத்திலிருந்து 1890-இல் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்த எம்.எல். சுல்தான் கொடுத்த பணத்தில் உருவான தொழில்நுட்பக் கல்லூரி, இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பாதி. இந்த ஊரில் கல்லூரி வாசல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ தட்டிக்கொண்டே நின்ற வரலாறு இருக்கிறது. அது பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது நல்லது. இரவு பத்து மணிக்கு விண்ணப்பப் படிவத்தின் முன்னால் உட்காரவைத்து இதைப் பாடமாக நடத்துவது நல்லதல்ல. எங்கள் வீட்டில் அப்படி ஒரு முயற்சி நடந்தது. முயன்றவர் எக்ஸெல் தாளுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்.

மகள் நில அளவை படிக்கப்போகிறேன் என்று சொன்னது பதினோராம் வகுப்பில். காரணம், ஆயா வீட்டில் பார்த்த ஒரு தாள் என்று நான் நினைக்கிறேன். அவள் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. ஆயாவின் அப்பா டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவர். சொந்த நிலம். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று வகுத்த 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின்படி அந்தப் பகுதி வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டு, அறுபதுகளில் குடும்பங்களை, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். நிலம் போனது, பத்திரத்தோடு இணைத்திருந்த அளவை வரைபடத்தின் நகல் மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஆயாவிடம் இருக்கிறது. துணி ஒட்டிய தடித்த தாள். மடித்த இடங்களில் துணி மட்டும்தான் மிச்சம். நான்கு மூலைக்கும் ஏ, பி, சி, டி என்று எழுத்து; பக்கங்களின் நீளம் அடிக்கணக்கில்; பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் என்று மூன்று கட்டத்தில்; மேலே வடக்கைக் காட்டும் அம்பு; கீழே அளந்தவரின் கையெழுத்து. ஒரு பக்கம் ஓடை. அந்தப் பக்கத்துக்கு மட்டும் நேர்கோடு இல்லாமல், தண்ணீர் போன போக்கிலேயே கோடும் வளைந்து போகிறது.

மகள் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து அந்த ஓடையைத் தேடினாள். வீடுகளை இடித்த பிறகு கேட்டோ மேனரின் பெரும்பகுதி பல ஆண்டுகள் வெறும் புல்லாகவே கிடந்தது. இப்போது புதிய குடியிருப்புகளும் சாலைகளும் வந்துவிட்டன. ஓடை மட்டும் பாதி கண்ணுக்குப் பட்டது. அதை வைத்து மூலை எங்கே வரும் என்று அவள் கணித்துச் சொல்ல, ஆயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இல்லை கண்ணா, மாமரம் இன்னும் கீழே” என்று திருத்தினார். ஒரு பிற்பகல் முழுக்க இது நடந்தது. நான் இரண்டு முறை தேநீர் கொண்டுபோய் வைத்தேன். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு அவள் இதைத்தான் படிக்கப்போகிறாள் என்று சொன்னபோது ஆயா கேட்ட ஒரே கேள்வி: “பெண்பிள்ளைகளை எடுக்கிறார்களா?”

கும்பகோணத்தில் என் அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் சொன்னோம். “சர்வேயரா? தாலுகா ஆபீஸ் சர்வேயரா?” என்று திரையை நெருங்கி வந்து கேட்டார். பட்டா மாற்றுவதற்காகச் சர்வேயர் பின்னால் அலைந்த அலைச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை. “அவ்வளவு தூரம் போய், வெயிலில் சங்கிலி பிடிக்கவா படிக்க வைக்கிறாய்?” அம்மாவிடம் சங்கிலிக் காலம் போய்விட்டது, இப்போது செயற்கைக்கோளும் லேசர் கருவியும் டிரோனும் என்று சொல்லிப் பார்த்தேன். டிரோன் என்றதும் கல்யாண வீடியோ எடுப்பவனா என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

மருத்துவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் டர்பன் தமிழ் அம்மாக்கள் என்னை விடமாட்டார்கள். இந்த ஊரில் நன்றாகப் படிக்கிற இந்தியப் பிள்ளை என்றால் மருத்துவம் என்று பிறந்தபோதே முடிவாகிவிடுகிறது. பட்டம் ஆறு வருடம், பிறகு பயிற்சி மருத்துவராக இரண்டு வருடம், சமூகச் சேவை ஒரு வருடம் என்பதை அப்போது யாரும் எண்ணுவதில்லை. குவாஸுலு-நட்டாலின் மருத்துவக் கல்லூரி, கறுப்பின, இந்திய, கலப்பின மாணவர்களுக்காக 1951-இல் தொடங்கியது. இன்று நெல்சன் மண்டேலா பெயரில் இருக்கிறது. அங்கே இனவாரி ஒதுக்கீடு வெளிப்படையாக உண்டு. பல ஆண்டுகளாகச் செய்தித்தாளில் அடிபட்ட கணக்கின்படி ஆப்பிரிக்க மாணவர்களுக்கு 69 விழுக்காடு, இந்தியருக்கு 19. அதற்குள்ளும் ஏழைப் பள்ளிகளுக்குத் தனிப் பங்கு. 69 என்ற எண்ணைக் கேட்டதும் எந்தத் தமிழ்நாட்டுக்காரருக்கும் சிரிப்பு வராமல் இருக்காது. ஊரில் அதே எண்ணைப் பெருமையோடு சொல்பவர், இங்கே விமானத்தை விட்டு இறங்கியதும் அதே எண்ணைக் கண்டு பொருமுவதை நேரில் பார்த்திருக்கிறேன். என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்: நாட்டின் பெரும்பான்மையை முந்நூறு ஆண்டு வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊரில் இந்த ஒதுக்கீடு நியாயம்தான். 90 விழுக்காடு வாங்கிய பிள்ளைக்கு இடம் கிடைக்காத வீட்டின் துக்கமும் உண்மைதான். இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள்தான் அந்த ஏமாற்றத்திலிருந்து சீக்கிரம் எழுந்து வருகிறார்கள். மற்ற வீடுகளில், வெளிநாட்டு மருத்துவ இடம் வாங்கித்தருவதாகச் சொல்லும் தரகர் அதற்குள் சோபாவில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

நில அளவைக்கு வருகிறேன். இந்த நாட்டில் பட்டப்படிப்பாக அதைக் கற்றுத்தரும் இடங்கள் மிகக் குறைவு. டர்பனில் குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகம், பொறியியல் பிரிவில் நான்கு வருடப் படிப்பு. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ஜியோமேட்டிக்ஸ் என்ற பெயரில். டிப்ளமோ போதும் என்றால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் உண்டு. படித்து முடித்துப் பயிற்சியும் பெற்றுத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் எல்லைக்கல் நடும் அதிகாரம். ஆகவே பட்டியல் தானாகவே சுருங்கியது. பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தால் கல்லூரியைத் தேடும் வேலை பாதி குறைகிறது. தெரியாவிட்டால் விளம்பரப் புத்தகங்களின் புகைப்படத்தில் புல்வெளி எங்கே பச்சையாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திறந்த நாள் என்று வைப்பார்கள். பலூன், இலவசப் பேனா, சிரித்த முகத்துடன் டி-ஷர்ட் போட்ட மாணவர்கள். போங்கள், தவறில்லை, படிவங்களும் கையேடுகளும் கிடைக்கும். ஆனால் வளாகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்குப் போக வேண்டும். நாங்கள் அப்படித்தான் ஹோவர்ட் காலேஜுக்குப் போனோம். பெரேயா மேட்டில், குவிமாடம் வைத்த வெள்ளைக் கட்டடம். ஒரு பக்கம் துறைமுகம், பின்பக்கச் சரிவில் கேட்டோ மேனர். டி.பி. டேவிஸ் என்ற தொழிலதிபர், முதல் உலகப் போரில் இறந்த தன் மகன் ஹோவர்டின் நினைவாகக் கொடுத்த பணத்தில் 1931-இல் திறந்தது. வாசலில் நின்று கணவர் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

பொறியியல் கட்டடங்களுக்குக் கீழே புல்வெளியில் மூன்றாம் வருட மாணவர்கள் முக்காலி நட்டு அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண், தலையில் அகன்ற தொப்பி, காலில் சேறு படிந்த பூட்ஸ். மகளைக் கூப்பிட்டுக் கருவியின் கண்ணில் பார்க்கச் சொன்னாள். நாங்கள் இருவரும் விலகி நின்றுகொண்டோம். பெற்றோர் விலகி நின்றால்தான் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும். அவள் கேட்டது எனக்கே தோன்றியிருக்காது: முதல் வருடக் கணிதத்தில் எத்தனை பேர் விழுகிறார்கள், விழுந்தால் என்ன செய்வீர்கள், விடுமுறையில் களப்பயிற்சிக்கு இடம் யார் தேடித் தருவார்கள், கிராமத்தில் அளக்கப்போனால் கழிப்பறைக்கு என்ன வழி. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் ஒன்று கேட்டாள்: “உனக்கு ஸுலு வருமா?” மகளுக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி ஸுலு. வரும் என்றதும், “அப்படியானால் உனக்கு வேலையில் பாதி சுலபம்” என்றாள். இந்த மாகாணத்தில் கிட்டத்தட்ட முப்பது லட்சம் ஹெக்டேர், ஸுலு மன்னர் பொறுப்பாளராக இருக்கும் இங்கோன்யாமா அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. அங்கே எல்லை என்பது ஊர்ப் பெரியவர் கைகாட்டிச் சொல்வதும் சேர்ந்ததுதான். ஒன்பதாம் வகுப்புத் தாளில் ஆப்பிரிக்கான்ஸா ஸுலுவா என்று வந்தபோது, ஆப்பிரிக்கான்ஸில் மதிப்பெண் அள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. நல்லவேளை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

கேப்டவுனுக்குச் சாலையில் போனால் 1600 கிலோமீட்டருக்கு மேல். மலிவான விமான டிக்கெட் கிடைத்தபோது அப்பாவும் மகளும் மட்டும் போய் வந்தார்கள். பல்கலைக்கழகப் படிக்கட்டில் நின்றால் பின்னால் மலை, முன்னால் நகரம். உலகத்தில் இப்படி ஒரு வளாகம் இன்னொன்று இருக்குமா என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகள் படம் அனுப்பினாள். “மலையைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது” என்று அதே குழுவில் அப்பா பதில் போட்டார், பக்கத்திலேயே நின்றுகொண்டு. விடுதிச் செலவையும் சேர்த்தால் எங்களுக்கு மூச்சு முட்டும். ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. 2015-இல் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் நாடு முழுக்கத் தெருவில் இறங்கிய பிறகு, 2017 டிசம்பரில் அறிவித்த வரம்பு அது. அதற்கு மேல் சம்பாதித்து, முழுக் கட்டணம் கட்டவும் முடியாத எங்களைப் போன்றவர்கள் நடுவில் தொங்குகிறோம். இதைப் பிள்ளையிடம் மறைக்காமல், எண்ணோடு சொல்லிவிட வேண்டும். “நீ எங்கே வேண்டுமானாலும் படி கண்ணம்மா, பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே” என்ற சினிமா வசனம் பேசிவிட்டு, பிப்ரவரியில் பதிவுக் கட்டணத்துக்குச் சீட்டுப் பணத்தை ஏலம் எடுக்க ஓடுவதைவிட அது மேல். எக்ஸெல் தாளில் இரண்டாவதாக ஒரு பக்கம் திறந்தார் கணவர். மகள் அதைப் பார்த்துவிட்டுக் கேப்டவுனுக்கு நேராக ‘உதவித்தொகை கிடைத்தால்’ என்று தானே எழுதினாள்.

படிவ விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குவாஸுலு-நட்டால் மாகாணத்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே விண்ணப்பம். விருப்ப வரிசையில் ஆறு தேர்வு. போட்டி மிகுந்த படிப்பை நான்காவதாகப் போட்டுவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம். வெளி மாகாணம் என்றால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி. விடுதிக்குப் பல இடங்களில் தனி விண்ணப்பம். மறந்தால் இடம் இருக்கும், படுக்கை இருக்காது. சில படிப்புகளுக்குத் தேசிய அளவுகோல் தேர்வு கேட்பார்கள். மொழியும் எண்ணறிவும் ஒரு தாள், கணிதம் ஒரு தாள். சீக்கிரம் எழுதிவிடுவது நல்லது. மின்வெட்டைப் பார்த்துப் பழகிய நாட்டில் கடைசி இரவு பதினொன்றரைக்கு இணையத்தில் பதிவேற்ற உட்காருகிறவர்களுக்கு என்ன சொல்வது?

நகலுக்குச் சான்றொப்பம் வேண்டுமென்றால் இங்கே பச்சை மை வைத்த கெஜட்டட் அதிகாரியைத் தேட வேண்டாம்; காவல் நிலையத்தில் காசில்லாமல் முத்திரை குத்தித் தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். எங்கள் நிலையத்தில் ஒரு காவலர், மகளின் மதிப்பெண் தாளை முத்திரை குத்துவதற்கு முன் முழுக்கப் படித்துவிட்டு, இயற்பியலில் இன்னும் கொஞ்சம் முயற்சி செய் என்று அறிவுரையும் கூறி அனுப்பினார்.

இதில் பெற்றோர் வேலை என்ன என்று கேட்டால், என் அனுபவத்தில் குமாஸ்தா வேலையும் ஓட்டுநர் வேலையும். எந்தத் தேதிக்கு எது மூடும் என்று குறித்துவைப்பது, ஆவணங்களை ஒரே கோப்பில் வைப்பது, வண்டி ஓட்டுவது, வங்கிச் சீட்டைப் பத்திரப்படுத்துவது. இந்த வேலையை ஒழுங்காகச் செய்தாலே பிள்ளைக்குத் தலையில் இருந்து பெரிய சுமை இறங்கிவிடும், ஏனென்றால் அதே மாதங்களில்தான் அவர்களுக்கு ஜூன் தேர்வு, ஆகஸ்ட் செப்டம்பரில் மாதிரித் தேர்வு, பிறகு மெட்ரிக். கட்டுரை எழுதச் சொல்லும் படிவங்களில் நம் கை படவே கூடாது. ஒரு வீட்டில் அப்பா எழுதிக்கொடுத்த நோக்க அறிக்கையில் ‘தேச வளர்ச்சி’ ஐந்து இடத்தில் வந்திருந்தது. பிள்ளை அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

நேரத்தோடு விண்ணப்பிக்கச் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அல்ல. 2012 ஜனவரி 10 அன்று, மெட்ரிக் முடிவு வந்த கையோடு மீதமிருந்த இடங்களுக்காக ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழக வாசலில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். வாசல் திறந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் இறந்தார். மகனைச் சேர்க்க வந்த தாய். அதற்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் நேரில் வந்து விண்ணப்பிக்கும் முறையையே நிறுத்திவிட்டது. இப்போது கடைசி நேரத்தில் இடம் தேடுவோருக்காக ஜனவரியில் அரசே இணையத்தில் ஒரு சேவையைத் திறக்கிறது. வரிசை இல்லை, ஆனால் அந்த மாதத்தில் அறிவிப்புப் பலகை மாட்டி, பதிவே இல்லாத போலிக் கல்லூரிகள் முளைக்கின்றன. உயர்கல்வித் துறை ஒவ்வொரு ஜனவரியும் எச்சரிக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் பதிவு எண்ணைச் சரிபார்க்கச் சோம்பல்படாதீர்கள்.

எங்கள் வீட்டு நிலவரம்: ஹோவர்ட் காலேஜிலிருந்து நிபந்தனையோடு இடம் வந்திருக்கிறது. மெட்ரிக்கில் கணிதமும் இயற்பியலும் அவர்கள் கேட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அந்த ‘அவ்வளவுதான்’ இப்போது வீட்டில் எல்லார் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது. ஆயா, பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்பதற்குச் சான்றாக அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கேப்டவுன் இன்னும் பதில் சொல்லவில்லை. உதவித்தொகையோடு பதில் வந்தால் மலை பற்றிய வாதம் மறுபடியும் எழும். அப்பாவின் எக்ஸெல் தாள் மகள் பக்கம் பேசுமா என்பதைப் பொறுத்து அப்போது எழுதுகிறேன்.